வாய்ஸ் காலுக்குப் புகார் இல்லை

துலாம் 3, திங்கள்

காலை முழுக்க வெயில். மூன்று மணிக்கு இடி, பிறகு மழை. மோடம் பிளக்கைக் காலையிலேயே பிடுங்கி வைத்துவிட்டுத்தான் போனேன். போன துலாமாச இடியில் ஒன்று கருகிப்போனது.

நெய்யாற்றின்கரை கோர்ட்டில் மூன்று வாய்தா. வக்கீல் சாருக்கு முதுகுவலி. அவருக்கு முதுகுவலி என்றால் குமாஸ்தாவான எனக்குத் தலைவலி.

வாங்க: துவரம்பருப்பு, கொசுவர்த்தி, ஸ்டாம்ப் பேட் மை, பிந்துவுக்கு நைட்டி.

இன்றும் இன்டர்நெட் கம்பெனிக்கு போன். அதே பாட்டு, அதே காத்திருப்பு. தமிழ் தெரிந்த ஒரு பெண் கிடைத்தாள். மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

"மக்கா, எனக்க தங்கச்சி பிந்துவுக்குப் பொறவியிலேயே காது கேக்காது. அவ மாப்பிள சஜிக்கும் கேக்காது. அவன் மஸ்கட்டுல. ரெண்டு பேரும் கையாலதான் பேசணும், அதுக்கு வீடியோ வேணும். அவனுக்கு வேல முடியது ராத்திரியாக்கும். அந்த நேரம் பாத்து நீங்க வீடியோவ இழுத்து இழுத்து விட்டா அவிய எப்பிடிப் பேசுவாவ?"

பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "மேடம், நெரிசல் நேரத்துல வீடியோ மட்டும்தான் ஸ்லோ. வாய்ஸ் கால் நல்லா கிடைக்கும். அவங்கள வாய்ஸ் கால்ல பேசச் சொல்லுங்க."

வைக்கும் முன் நான் ஒரு வார்த்தை சொன்னேன். இங்கே எழுத வேண்டாம். உரையாடல் பதிவாகிறது என்று ஆரம்பத்திலேயே சொன்னார்கள், நன்றாகப் பதிவாகட்டும்.

ஓணத்திலிருந்து இந்தக் கூத்து. கேட்டால் "பரிசோதனை"யாம். எலிக்குக்கூடச் சொல்லிவிட்டுத்தான் ஊசி போடுவார்களோ என்னவோ.

துலாம் 4, செவ்வாய்

பிந்து சாப்பிடவில்லை.

மத்தியானம் பொழியூர் ஜெரோம் அவளைப் பார்க்க வந்திருந்தான். அவனுக்கும் காது கேட்காது. வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள், இவன் கரையில் படகு எஞ்சின் ரிப்பேர். மஸ்கட்டில் இருக்கும் அவன் சித்தப்பா மகன் அனுப்பிய போட்டோவைக் காட்டியிருக்கிறான். சஜி அறையில் யாருக்கோ பிறந்தநாள், கேக். சஜியும் நிற்கிறான். இடது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கிறது. அலுமினியம் அறுக்கிற மெஷினில் போயிருக்கிறது. காயம் ஆறித் தோல் மூடியாகிவிட்டது. அப்படியானால் எத்தனை நாளாயிற்று?

பிந்து என்னிடம் கையால்: "தினமும் பேசுகிறோம். சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் தெரியும், எனக்குத் தெரியாது."

"கேட்டுப் பாரேன்" என்றேன்.

"கேட்க மாட்டேன். அவன் சொல்லட்டும்."

எட்டரைக்குக் கால் வந்தபோது நானும் எட்டிப் பார்த்தேன். சஜியின் முகம் கட்டம் கட்டமாக. கை மேலே கிளம்புகிறது, அப்புறம் கையே இல்லை, சட்டை மட்டும். இதில் விரலை எங்கே எண்ணுவது? ரெண்டு பேரும் கொஞ்ச நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கையால் பேசுகிறவனுக்கு விரல் போவது நமக்கு நாக்கு நுனி போன மாதிரி. அதைப் போய் எப்படி மறைப்பான் பாவி.

துலாம் 6, வியாழன்

இடி இல்லை. புழுக்கம்.

பேப்பரில் சின்னதாக ஒரு அறிவிப்பு. இன்டர்நெட் டிராஃபிக் மேனேஜ்மென்ட் கொள்கை, பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம், அடுத்த புதன், நெய்யாற்றின்கரை. நெரிசல் நேரத்தில் வீடியோவைக் கம்பெனிகள் மெதுவாக்கலாமா என்று அரசாங்கக் கமிஷன் ஜனங்களிடம் கேட்கப்போகிறதாம். இங்கே ஏற்கெனவே மெதுவாக்கியாயிற்று. தாலி கட்டிவிட்டுப் பெண் பார்க்க வருகிறார்கள்.

பேச விரும்புகிறவர்கள் இணையத்தில் மட்டுமே பதிவு செய்யலாம். ராத்திரி வீட்டில் முயன்றேன், பக்கம் பாதி திறந்து நின்றது. நெட் சரியில்லை என்று சொல்ல நெட் வேண்டும். த்தூ.

துலாம் 7, வெள்ளி

ஆபீஸ் கம்ப்யூட்டரில் பிந்துவுக்கும் ஜெரோமுக்கும் பதிவு போட்டேன். இருவருக்கும் டோக்கன் வந்துவிட்டது. காது கேட்காதவர்கள் என்று தெரிவிக்க அதில் இடமில்லை. "இதர விவரங்கள்" என்ற கட்டத்தில் கொட்டை எழுத்தில் அடித்தேன்.

வக்கீல் சார் பின்னால் நின்று பார்த்தார். "தீர்மானத்த டைப் பண்ணி வச்சாச்சு ஓமனா. ஹியரிங் அதுக்கு ஒரு சடங்காக்கும். நீ எதுக்கு மெனக்கெடுத?"

"சாரும் தினமும் ஹியரிங்குக்குத்தான் போறிய" என்றேன்.

சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

இந்த டைரியைத் தமிழில் எழுதுவதில் ஒரு சௌகரியம். ஆபீஸில் வேறு யாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது.

துலாம் 9, ஞாயிறு

பிந்து வீட்டில் ஒத்திகை. ஜெரோம் சாளை மீன் கொண்டுவந்தான், பொரித்துத் தின்றோம். ஆளுக்கு மூன்று நிமிஷம்தான். பிந்து கையால் சொல்ல நான் வாயால் சொல்ல வேண்டும், ரெண்டும் அதற்குள். அவள் கை ஓட்டம் என் வாய்க்கு இல்லை. "மெதுவாகச் சொல்லேன்" என்றால், "நீ வேகமாகப் பேசேன்" என்கிறாள்.

ஜெரோமுக்குச் சொல்ல ஒரே விஷயம். கல்யாணம் நிச்சயம் பண்ணிய பெண் கொச்சியில் தையல் கம்பெனியில். அவளும் கேட்காதவள். "அவள் சிரிப்பது எனக்கு மறுநாள்தான் வந்து சேர்கிறது" என்கிறான். இதைச் சொன்னால் போதும் என்றேன்.

பிந்து இஸ்திரி போட்ட சேலையைக் கட்டிலில் எடுத்து வைத்திருக்கிறாள். கோர்ட்டுக்கு வருகிற புதுக் கட்சிக்காரர்களும் இப்படித்தான் உடுத்திக்கொண்டு வருவார்கள்.

துலாம் 12, புதன்

எழுதினால்தான் ஆறும்.

கல்யாண மண்டபம். பேனர். மேடையில் பூச்செண்டு. மண்டபம், மைக், சாயா, பழம்பொரி, மத்தியானப் பிரியாணி எல்லாம் கம்பெனி வகை. யார்மேல் புகாரோ அவன் வீட்டுச் சோறு. எங்கள் கோர்ட்டில் பிரதிவாதி மாஜிஸ்ட்ரேட்டுக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுத்துப் பார்க்கட்டும்.

மண்டபத்துக்குள் நெட் பறக்கிறது. பின்வரிசைப் பயல்கள் ஒரு தடங்கல் இல்லாமல் கிரிக்கெட் பார்க்கிறார்கள்.

எங்கள் ஏரியாவுக்கு லைன் இழுத்துக் கொடுக்கிற மணியன் ரெண்டு வேன் நிறைய ஆள் கொண்டுவந்திருந்தான். எல்லாரும் அவனுடைய சந்தாதாரர்கள்.

"என்னலே மணியா, கல்யாணமா?"

"இல்லக்கா, சப்போர்ட்டுக்கு. இவியளுக்கு ஒரு மாசம் ஃப்ரீ ஆக்கும்." கூச்சமே இல்லை.

ஒவ்வொருவராக மைக்கில் வந்து ஒரே வாக்கியம்: எங்களுக்கு நெட் சுகம், கம்பெனி செய்வது நல்லது. ஒருவன் மறந்துபோய் உள்ளங்கையைப் பார்த்தான். பேனாவில் எழுதி வைத்திருந்தான்.

அதற்கு முன் கம்பெனியின் நீலக்கோட்டுக்காரர். வயசு சின்னதுதான், நல்ல மரியாதை. திரையில் படம் படமாக இங்கிலீஷில் விளக்கினார். மூன்று நிமிஷ மணி அவருக்கு அடிக்கவில்லை. சாலையில் நெரிசல் என்றால் லாரியை ஓரங்கட்டி ஆம்புலன்ஸை விடுவதில்லையா என்று கேட்டார். மேடையில் இருந்த கமிஷன் தலைவர், ரிட்டயர்டு பெரிய ஆபீசர், தலையை ஆட்டினார். எது லாரி, எது ஆம்புலன்ஸ் என்று யார் முடிவு பண்ணியது? கேட்க ஆளில்லை.

பிறகு நடந்தது. பதிவு மேசையில் உட்கார்ந்திருந்த பெண் என்னைக் கூப்பிட்டாள். துணைக்குப் பேசுகிறவருக்கும் அடையாள அட்டை நகல் வேண்டுமாம். "டோக்கன் வர இன்னும் நேரம் உண்டு சேச்சி, எதிர்க்கடையில எடுத்துட்டு வாங்க." போனேன். மழை. கடையில் கரண்ட் இல்லை. வந்தது, போயிற்று, மறுபடி வந்தது. நனைந்துகொண்டு ஓடி வந்தேன்.

முன்வரிசையில் பிந்து நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். மடியில் டோக்கன். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பக்கத்தில் ஜெரோம் தலை சீவிக்கொண்டிருந்தான். மைக்கில் அவர்களுக்கு அடுத்த டோக்கனும் கடந்து வேறு எவனோ.

பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மைக்கில். மூன்று தரம். ஆள் எழுந்திருக்காததால் ரெண்டு பேருக்கும் "ஆப்சென்ட்".

மேடைக்குக் கீழே போய்க் கத்தினேன். தலைவர் மலையாளத்தில் நிதானமாக: "மூணு தவண விளிச்சு. ஆளு வந்நில்லா."

"காது கேக்காதவியள விளிச்சா எப்பிடி சார் வருவாவ? அப்ளிகேஷன்ல எழுதியிருக்கே!"

கையில் இருந்த தாளைக் காட்டினார். பெயர், டோக்கன் எண், அவ்வளவுதான். இதர விவரங்களை யாரும் பிரின்ட் எடுக்கவில்லை.

எத்தனை கட்சிக்காரர்களுக்கு நான் சொல்லியிருப்பேன், மூத்திரம் போவதானாலும் என்னிடம் சொல்லிவிட்டுப் போ, அந்த நேரம் பார்த்து விளிப்பார்கள் என்று. நானே எழுந்து போனேன். ஒரு ஜெராக்ஸுக்காக.

கத்தலுக்குப் பலன், எல்லாரும் பேசி முடித்த பிறகு "ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நிமிஷம்". அதற்குள் பிரியாணி வாசனை வந்துவிட்டது, ஜனம் எழுந்தாயிற்று. ஜெரோம் தன் பங்கை பிந்துவுக்கு விட்டுக்கொடுத்தான். அவள் மேடையேறினாள். சஜியின் விரலில் ஆரம்பித்தாள். அவள் கை முடிக்கும்போது என் வாய் பாதியில் இருந்தது. மணி அடித்தது.

தலைவர் போனிலிருந்து தலை தூக்கினார். "வாய்ஸ் காலுக்குப் பிரச்னம் ஒண்ணும் இல்லல்லோ?"

"சார், அவளுக்குக் காது..."

"அதல்ல சோதிச்சது." அவர் கேட்டது அதை இல்லையாம். "வாய்ஸ் காலுக்குப் பிரச்னம் உண்டோ, இல்லயோ?"

"இல்ல" என்று சொல்லிவிட்டேன்.

எழுதிக்கொண்டார்கள். பிந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிரியாணி தின்னவில்லை. ஜெரோம் தின்றான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது, காலையிலிருந்து பட்டினி.

துலாம் 13, வியாழன்

தொண்டை கட்டிவிட்டது. சுக்குக் காப்பி.

எதிர்வக்கீல் குறுக்கு விசாரணையில் உண்டு இல்லை என்று மட்டும் சொல்லு என்பான். நாங்கள் கட்சிக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுப்போம், ஒற்றை வார்த்தையில் மாட்டாதே என்று. நான் ஒற்றை வார்த்தையில் மாட்டினேன். நினைக்க நினைக்க என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

எழுத்தில் ஆட்சேபணை தயார் செய்து ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன். வக்கீல் சார் தானே லெட்டர்பேடில் கையெழுத்துப் போட்டுத் தந்தார். "பதில் வராது, கேட்டியா" என்றார். தெரியும்.

துலாம் 15, சனி

வெள்ளைப் பூசணி வாங்கினது அழுகல்.

சாயங்காலம் நீலக்கோட்டு வந்தார், கோட்டு இல்லாமல். கூட மணியன். பிந்து வீட்டில் உட்கார்ந்து, நடந்ததற்கு வருத்தம் என்றார். உண்மையாகவே வருந்துகிற முகம். கம்பெனி பிந்துவுக்கு மட்டும் ஒரு தனி லைன் தரும், எந்த நேரமும் வேகம் குறையாது. பதிலுக்கு ஒரு தாள். "என் குறை தீர்க்கப்பட்டது. சேவையில் முழுத் திருப்தி." கீழே கையெழுத்து.

பிந்துவிடம் சொன்னேன். கூடவே சொன்னேன், போடாதே, உன் வாயை அடைக்கிறார்கள், ஜெரோமுக்கும் மற்றவர்களுக்கும் என்ன பதில் சொல்வாய்.

போட்டாள். என் பேனாவையே வாங்கிப் போட்டாள்.

அவர்கள் போன பிறகு சண்டை. அடுக்களையில் நின்று ரெண்டு பேரும் கை வீசி வீசி. பார்த்தவர்கள் அடிதடி என்று நினைத்திருப்பார்கள். "விற்றுவிட்டாய்" என்றேன். அவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "நீ பஸ்ஸில் பேசுகிறாய், கோர்ட்டில் பேசுகிறாய், மீன்காரியிடம் பேசுகிறாய். எனக்கு அந்த ஒரு மணி நேரம்தான். உன் கோபத்தில் அவன் முகம் தெரியுமா?"

கதவை இழுத்துச் சாத்திவிட்டு வந்தேன். அது அவளுக்குக் கேட்காது என்பது வழியில்தான் உறைத்தது.

துலாம் 18, செவ்வாய்

பிந்து வீட்டுக்குப் போகவில்லை. பின்வீடுதான். ஜன்னல் வழியாகத் தெரிகிறது, சாயங்காலமானால் அவள் முற்றத்தில் ஸ்கூட்டர்கள், ஆள்கள். விருந்து வைக்கிறாள் போலிருக்கிறது, புது லைன் வந்த குஷியில். நல்லா இருக்கட்டும்.

பாறசாலையிலிருந்து வரும்போது பஸ்ஸில் மணியன். "அக்கா, தங்கச்சிட்ட கொஞ்சம் சொல்லுங்க. ஒரு வீட்டுக்குத் தந்த லைனாக்கும் அது. ஊரு முழுக்க வந்து இருந்தா கம்பெனி என்னைய ஏசும்."

"எதுக்குலே ஊரு முழுக்க வருகு?"

"எனக்கென்ன தெரியும், எல்லாம் காது கேக்காத கூட்டம்."

இறங்கிவிட்டேன். ஒரு ஸ்டாப் முன்னாலேயே.

துலாம் 20, வியாழன்

கூட்டத்தின் சுருக்கம் கமிஷனின் இணையப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆபீஸில் பிரின்ட் எடுத்தேன். கம்பெனியின் விளக்கத்துக்குப் பக்கம் பக்கமாக. எங்களுக்கு மூன்று வரி. "செவித்திறன் குறைந்த சந்தாதாரர்களும் பங்கேற்றனர். வாய்ஸ் கால் குறித்து அவர்களிடம் புகார் இல்லை. அவர்களில் ஒருவர் சேவையில் முழுத் திருப்தி தெரிவித்துள்ளார்." கடைசியில் சிபாரிசு: பரிசோதனையை மற்ற இடங்களுக்கும் விரிவாக்கலாம்.

பொய் என்று ஒரு வரியைக்கூடச் சுட்ட முடியாது. என் "இல்ல", அவள் கையெழுத்து, ரெண்டையும் வைத்தே கட்டியிருக்கிறார்கள்.

தாளை எடுத்துக்கொண்டு நேராக பிந்து வீட்டுக்குப் போனேன், முகத்தில் எறிய. முற்றம் நிறையச் செருப்பு. அதியன்னூரிலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும், பொழியூரிலிருந்து ஜெரோமும் இன்னும் ரெண்டு பேரும், கள்ளிக்காட்டிலிருந்து மகனோடு பேச வந்த ஒரு கிழவர். எல்லாருக்கும் ராத்திரி நெட் படுத்துவிடுகிறது, இங்கே ஒன்றுதான் ஓடுகிறது. சத்தமே இல்லாத கூட்டம். ஒருவர் பேசி முடித்தால் பிந்து அடுத்தவர் தோளைத் தொடுகிறாள், அவர் எழுந்து போகிறார். யாரும் முந்தவில்லை. ஜெரோம் உள்ளே கொச்சிக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தான், முகமெல்லாம் பல். வீட்டுக்காரி முறை கடைசி.

எறிய முடியவில்லை. ஓரமாக நின்று, தாளில் இருந்ததைக் கையால் சொன்னேன்.

"நான் சொன்னது எங்கே?" என்று கேட்டாள்.

"இல்லை."

"விரல்?"

"அதுவும் இல்லை."

தாளை வாங்கிப் பார்த்தாள். திருப்பி என்னிடம் தந்துவிட்டு அடுத்த ஆளின் தோளைத் தொடப் போனாள்.

எல்லாரும் போன பிறகு சஜி வந்தான். படம் கண்ணாடி மாதிரி. ரெண்டு பேரும் கேஸ் சிலிண்டர், கூரை ஒழுக்கு, சம்பளம் என்று காரியம் பேசினார்கள். அவன் இடது கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் பேசினான். இவளும் கேட்கவில்லை. பிறகு என்னை இழுத்து அவன் முன்னால் உட்காரவைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அவள் மறைந்ததும் சஜி இடது கையை எடுத்துக் காட்டினான். "அடிபட்ட அன்றைக்கே கட்டோடு கேமரா முன்னால் பிடித்தேன். பார்த்தாள். பார்த்துவிட்டு, வாட்டர் டாங்க் ஒழுகுகிறது என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு மேல் நான் ஏன் சொல்ல வேண்டும்?" பிறகு: "கூட்டத்தில் என்னமோ பேசினாளாம். என்ன என்று என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறாள்."

அன்றைக்கு வாயால் முடிக்காததைக் கையால் சொன்னேன். அவள் சொன்ன மாதிரியே, ஒன்றும் விடாமல்.

"என் புருஷனுக்கு ஒரு விரல் போய்விட்டது. எனக்கு அது அடுத்தவன் போனில் பார்த்துத்தான் தெரியும். அவன் காட்டினானா, மறைத்தானா, தெரியாது. அவன் கை வருகிற நேரத்தில் எனக்குக் கட்டங்கள்தான் வருகின்றன. நான் அவனிடம் கோபப்பட வேண்டுமா, உங்களிடம் கோபப்பட வேண்டுமா? அது தெரிவதற்காவது அவன் கையை எனக்குக் காட்டுங்கள்."

சஜி அசையவில்லை. இந்த லைனையும் நிறுத்திவிட்டான் மணியன் என்று நினைத்து எழுந்தேன். நிற்கவில்லை. சஜியின் தலைக்குப் பின்னால் சுவர் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

அடுக்களைக்குப் போய் பிந்துவின் தோளைத் தொட்டேன்.